ராசியில்லாத கையும் தொண்ணூற்றாறு வரிகளும்

"அப்பாடா!" என்று அக்கா விட்ட பெருமூச்சு கணினி அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பதறிப்போய், "என்னங்க, கம்ப்யூட்டர் நின்னுபோச்சா?" என்றார்.

"இல்லீங்க, போன உயிர் திரும்பி வந்துச்சு."

புள்ளியியல் வகுப்பில் உயிர் போவதும் வருவதும் உண்டா என்று கேட்காதீர்கள். அவளுக்கு உண்டு. போன சனிக்கிழமை இதே நாற்காலியில்தான் போயிற்று.

அக்காவுக்கு வேலை குஞ்சு பொரிப்பகத்தில். பண்ணைகளிலிருந்து வந்து குளிர் அறையில் காத்திருக்கும் முட்டைகளை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி தட்டுகளில் அடுக்கி, பொரிக்கும் மெஷினுக்குள் தள்ள வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சு வரும். அடுக்குவதற்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு முறை. யார் அடுக்கினார்கள், முட்டை வந்த நாள் எது, அடுக்கிய நாள் எது, நூற்றுக்கு எத்தனை பொரிந்தது என்று ஒவ்வொரு முறைக்கும் பதிவேட்டில் ஒரு வரி. அந்தக் கடைசிக் கட்டத்தில் அவளுடைய எண் எப்போதும் மற்றவர்களுடையதைவிடக் குறைவு. அவர்களுக்கு எண்பத்துநாலு என்றால் இவளுக்கு எழுபத்தேழு.

முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் கூமுட்டை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவன் நன்றாக இருக்கட்டும், நாம் அக்கா என்றே சொல்வோம். அதற்கும் பிறகு, அந்தக் கைக்கு ராசி இல்லை என்று ஆகிவிட்டது. மேற்பார்வையாளர்கூட ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டே, "மனசுல வெச்சுக்காதீங்கம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து தட்டு கழுவுற பக்கம் போயிடுங்க" என்றார்.

தட்டு கழுவுவது கிடக்கட்டும். கொடுமை என்னவென்றால் அக்காவும் அதை நம்பிவிட்டாள். ஒரே வீட்டில் இருக்கும் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. அக்கா ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. கையில் கோழி நாற்றம், கை கழுவவில்லை, இடுப்பு பிடித்திருக்கிறது என்று நாளைக்கு ஒரு சாக்கு. தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று நாக்கைச் சுழற்றிக் காட்டுவாள், குழந்தை சிரிக்கும், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். தன் கை பட்டு அந்தப் பிஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று நிர்வாகம் அவளைச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பியது. பாடம் நடத்திய அம்மாள், "வேலை பார்க்கிற இடத்துக் கணக்கையே எடுத்துட்டு வாங்க, அதுலதான் பயிற்சி" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் கடை விற்பனை, பேருந்துக் கூட்டம் என்று எடுத்தார்கள். அக்கா தன் கையை எடுத்தாள். ஒரு வருடப் பதிவேடு, தொண்ணூற்றாறு வரிகள். துணிச்சல் என்று சொல்லவா, வீம்பு என்று சொல்லவா? இரண்டும்தான்.

"வித்தியாசமே இல்லைன்னு முதல்ல வெச்சுக்குங்க. அப்படி இருந்தா இவ்வளவு இடைவெளி தற்செயலா வருமான்னு பாருங்க." இதுதான் அந்த அம்மாள் கொடுத்த முதல் பயிற்சி. அக்கா பார்த்தாள். ஆயிரத்தில் ஒரு தடவைகூட வராது என்றது கணக்கு. ஊர் வாயை மூடலாம், கணக்கின் வாயை எப்படி மூடுவது? அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டில் இருந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டாள்.

இந்தச் சனிக்கிழமை இரண்டாம் பயிற்சி: ஒன்று கூடினால் இன்னொன்று கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. அதற்கு இரண்டு எண் வரிசைகள் வேண்டும். பதிவேட்டில் பொரிந்த எண்ணிக்கையைத் தவிர வேறு என்ன எண் இருக்கிறது? மதிப்பெண்ணுக்காக வேண்டாவெறுப்பாக, வந்த நாளுக்கும் அடுக்கிய நாளுக்கும் நடுவே முட்டை எத்தனை நாள் காத்திருந்தது என்று கழித்துப் போட்டாள். படம் வரைந்தாள்.

புள்ளிகள் இடமிருந்து வலமாக அழகாகச் சறுக்கிக்கொண்டு இறங்கின. ஒரு நாள் காத்திருந்தால் நூற்றுக்கு ஒரு குஞ்சுக்குச் சற்று மேலே நஷ்டம். சிவப்பில் போட்டிருந்த அவள் புள்ளிகள் முக்கால்வாசி வலது கோடியில், பத்து நாள் பன்னிரண்டு நாள் முட்டைகளில் கிடந்தன. ஆனால் எல்லார் புள்ளிகளும் இறங்கிய அதே கோட்டின்மேல்! இடது பக்கம் தப்பித் தவறி விழுந்த நாலைந்து சிவப்புப் புள்ளிகள், மற்றவர்களுடையதோடு தோளுக்குத் தோள் நின்றன. காத்திருந்த நாளையும் அடுக்கிய ஆளையும் சேர்த்துக் கணக்கில் விட்டாள். கையின் பங்கு கால் குஞ்சுகூட இல்லை. தற்செயலாகவே வரக்கூடிய அளவு.

அப்போது விட்டதுதான் அந்த அப்பாடா.

பாடம் நடத்தும் அம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் ஏன் பழைய முட்டையாவே வருது?"

அக்கா யோசித்தாள். அடப்பாவிகளா! மற்ற இரண்டு பேரும் கதவோரம் இருக்கும் புதுப் பெட்டிகளைக் கைக்கு எட்டியபடி எடுத்துக்கொண்டு போவார்கள். மூலையில் தள்ளப்பட்ட பழசு வீணாகிவிடுமே என்று இவள்தான் குனிந்து, முக்கி முனகி, அதை இழுத்து வெளியே எடுப்பாள். பொறுப்பாக வேலை பார்த்ததற்குக் கிடைத்த பட்டம் கூமுட்டை.

"இதுதான் காரணம்னு இந்தப் படம் சத்தியம் பண்ணாதும்மா," என்றாள் அந்த அம்மாள். "ஆனா உங்க கைமேல பழி போட இதுல ஒண்ணும் மிச்சம் இல்ல."

போகிற வழியில் பொரிப்பகத்தில் இறங்கி மேற்பார்வையாளரின் மேசையில் படத்தை வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை பார்த்தார். "அப்ப நீங்க பழசை எடுக்காம இருந்திருக்கலாமேம்மா?"

"நான் எடுக்கலன்னா யாரு சார் எடுப்பா? மூலையிலயே கிடந்து அழுகும்."

அவர் அசடு வழியச் சிரித்தார். திங்கட்கிழமை முதல் யாராக இருந்தாலும் மூலைப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று குளிர் அறைக் கதவில் எழுதி ஒட்டினார். தட்டு கழுவும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தாள். கையைக் கழுவினாள். நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையை அள்ளித் தூக்கினாள்.

"அம்மாடி, என்னா கனம்டி நீ!"

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தம்பி மனைவி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "பொண்ணா பொறந்தது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நாலு மாசமா நினைச்சுட்டிருந்தேன்க்கா."

"ஐயையோ! இதையா நினைச்சே?" அக்கா குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். "என் கையைத்தாண்டி எனக்குப் பிடிக்கல."

எல்லாவற்றையும் சொன்னாள், படத்தையும் காட்டினாள். தம்பி மனைவிக்குக் கோடும் புரியவில்லை, புள்ளியும் புரியவில்லை. "இதுக்குப் போய் கணக்கு போட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

குழந்தை அத்தையின் முடியைப் பிடித்து இழுத்து இழுத்து, களைத்து, கைமேலேயே தூங்கிப்போனது. தொட்டிலில் போடச் சொன்னாள் தம்பி மனைவி. கை மரத்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றாள் அக்கா.