நரி முகத்தில் விழித்தவர்கள்

நரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்வதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாருக்காவது நல்லது நடந்தால், "இன்னைக்கு நரி மொகத்துல முழிச்சியோ?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தெருவே கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுப் புறவாசலுக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். என் புருஷன் ஓட்டிப்போன லாரி கயத்தாறு தாண்டிக் கவிழ்ந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் என்னைக் கூட்டிவந்துவிட்டான். சோற்றுக்கும் துணிக்கும் அவன் குறை வைத்ததில்லை. ஆனால் தினமும் கடைக்குக் கிளம்பும்போது, வாசலுக்கு வருவதற்கு முன் ஒரு தடவை செருமுவான். நான் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். புருஷனைப் பறிகொடுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். இதை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. செருமலே போதுமானதாக இருந்தது.

குட்டியைக் கண்டது நான்தான். வெந்நீர் அடுப்புக்குக் காவோலை எடுக்கப் போனபோது ஓலை அடுக்குக்குள் ஏதோ முனகியது. நாய்க்குட்டி என்று நினைத்துக் குனிந்தேன். பல்லைக் காட்டிச் சீறியது. அந்தக் கூர்மூக்கைப் பார்த்த பிறகுதான் நரிக்குட்டி என்று தெரிந்தது. முன்னங்காலில் ஒரு கம்பிச் சுருக்கு சதைக்குள் இறங்கியிருந்தது. உப்பளத்துக்கு அப்பால் இருக்கும் உடைமரக் காட்டில் எவனோ முயலுக்கு வைத்த கண்ணி. இழுத்து இழுத்துக் கம்பியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது, அந்தப் பொடிசு.

சாக்கைப் போட்டு அமுக்கி, ஓலைக் கடகத்தில் வைத்து மூடி, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் கம்பியை எடுத்து, மருந்து வைத்துக் கட்டினார்.

"எலும்பு முறியல. ஆனா இருட்டுல வைக்கணும்மா. ஆள் அண்டக் கூடாது, சத்தம் ஆகாது. இதுக்குக் காயத்த விடப் பயந்தான் எமன்" என்றார்.

சரி என்று கொண்டுவந்து, பழைய கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்குகளைப் போர்த்தி உள்ளே விட்டேன். திரேஸ்புரத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரி, தலைச்சுமையை இறக்கி, நசுங்கிய சாளையாகப் பொறுக்கிக் கொடுத்தாள். முதலில் முகர்ந்துகூடப் பார்க்காத குட்டி, நான் நகர்ந்ததும் தின்றது. பொழுது சாயும்போது உப்பளத்துப் பக்கம் நரிகள் ஊளையிடும். உள்ளே இருந்து இது மெல்ல ஒரு குரல் கொடுக்கும். தாய் அங்கேதான் திரிகிறது என்று எனக்குப் பட்டது. காலை ஊன்றத் தொடங்கியதும் அங்கே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கெடுத்தவன் என் அண்ணன். மறுநாள் காலையில் எழுந்த கையோடு புறவாசலுக்குப் போனவன், சும்மா இருக்காமல் சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். அன்றைக்கென்று பார்த்து, துறைமுகத்தில் சிக்கிக் கிடந்த அவனுடைய சரக்கு வெளியே வந்துவிட்டது. அதற்காக அவன் நாயாய் அலைந்தது, ஆபீஸ் ஆபீஸாகக் காத்துக் கிடந்தது எல்லாம் கணக்கில் வரவில்லை. எல்லாம் நரி செய்த வேலை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டான்.

அடுத்த நாள் விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்ததும் வேறு எதையும் பார்க்கக் கூடாது அல்லவா? அதனால் படுக்கையிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். புருஷனைப் பெண்டாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சிலர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வந்தார்கள். ஒருவர் துவைகல்லில் முட்டி முழங்கால் தோல் பெயர விழுந்தார். அதற்குப் பிறகும் அது ராசியான நரிதான் என்றே சொல்லிக்கொண்டு போனார். இவர்களை என்னவென்று சொல்ல?

குட்டி வெளிச்சத்தைக் கண்டதும் முகத்தை மூலைக்குள் புதைத்துக்கொள்ளும். எதிர்வீட்டு அண்ணாச்சி, வெங்காய மண்டி வைத்திருப்பவர், விளக்குமாற்றுக் கட்டையை உள்ளே விட்டு அதைத் திருப்பினார். கட்டு அவிழ்ந்து மறுபடியும் ரத்தம் வந்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். அன்றோடு குட்டி மீனைத் தொடுவதை விட்டுவிட்டது. சாயங்கால ஊளைக்கும் பதில் இல்லை.

இன்னொரு காலை, ஆஸ்பத்திரிப் பியூன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியரில் கண்ணை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தவர் அதே டாக்டர். ஆள் அண்டக் கூடாது என்று சொன்ன வாய்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்று அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, அது சாகப்போவுது. நாளைக்கு ஒருத்தரும் வரக் கூடாதுன்னு சொல்லிரு."

"எல்லாரும் வேண்டியவங்கல்லா? வராதீங்கன்னு எப்படிளா சொல்ல?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அவங்கல்லாம் வார நேரம் நீ மட்டும் கொஞ்சம் உள்ள இருந்துக்கோ. யாரும் ஒண்ணும் சொல்லல. இருந்தாலும்…" என்று இழுத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடித் தின்னும் நரியின் முகம் இவர்களுக்கு லட்சுமிகரம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுக்கும் என் முகம் தரித்திரம். அந்தக் குட்டியைச் சாகடிக்கும் அளவுக்கு அதன் முகம் வேண்டும். என் முகம் மட்டும் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்தேன். முகம் கழுவி, தலையை வாரி முடிந்துகொண்டு, பஞ்சாரத்தை மறைத்தபடி பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அரிக்கேன் விளக்கை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன்.

முதலில் எதிர்வீட்டு அண்ணாச்சிதான். அவர் பெண்டாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்று, தள்ளிப்போ என்று கையை ஆட்டினாள். நான் அசையவில்லை.

"வந்தாச்சா? கண்ணத் தொறக்கவா?" என்றார் அண்ணாச்சி.

அவள் வாயைத் திறக்கும் முன், "தொறங்க அண்ணாச்சி" என்றேன்.

திறந்தார். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டார், பார்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதுபோல. பின்னால் வந்தவர்கள் கண்ணைத் திறக்காமலே திரும்பி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள். முன்பு விழுந்தவர் அதே துவைகல்லில் இன்னொரு தரம் முட்டினார்.

அன்றும் வந்திருந்த டாக்டர் மட்டும் நின்றார். கண்ணைத் திறந்து என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "குட்டி எப்படி இருக்கு?" என்றார். எங்கள் புறவாசலில் அத்தனை பேர் வந்து போனதில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உட்கார்ந்து காயத்துக்குப் புதுக் கட்டுப் போட்டார்.

அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. அண்ணாச்சிக்கு அன்றைக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். மண்டியைத் திறந்தார், வியாபாரம் நடந்தது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அதை எவரும் கடையில் உட்கார்ந்து பேசவில்லை. நல்லது நடந்தால் நரி. கெட்டது நடந்திருந்தால் மட்டும் நான்.

குட்டி தின்னத் தொடங்கியது. காலை ஊன்றியது. ஒரு சாயங்காலம், ஊளை கேட்ட நேரத்தில், கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்போடு நடந்து உடைமரக் காட்டோரம் இறக்கிவிட்டேன். நொண்டிக்கொண்டே ஓடியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருந்து ஒரு பெரிய குரல் வந்தது, இது பதில் கொடுத்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அண்ணன் அன்று இரவு என்னோடு பேசவில்லை. தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று மதினியிடம் குறைப்பட்டுக்கொண்டான். மறுநாள் காலை நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து செருமினான். நான் உருவிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் பலமாக இன்னொரு தடவை செருமினான்.

"தொண்டை சரியில்லயாண்ணே? சுக்குக் கஷாயம் போட்டுத் தாரேன், குடிச்சுட்டுப் போ" என்றேன்.

வெகுநேரம் கதவுக்குப் பின்னாலேயே நின்றான். கடை திறக்க நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான்.