சொல்லிட்டுத் தொடு

குழந்தையின் காய்ச்சலைப் பார்க்க தெர்மாமீட்டரை ஸ்பிரிட்டில் துடைத்தபோது, மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த, இப்போது இடிந்துபோன நர்சிங் பயிற்சி அறை நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமியான என்னை நோயாளியாகப் படுக்கவைத்து, நாடி பார்க்கவும் கட்டுப்போடவும் மாணவிகள் பழகுவார்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, செய்யப்போவதைச் சொன்ன பிறகே தொட வேண்டும், மறந்தால் வாசலுக்குப் போய் மறுபடி வர வேண்டும்.

"டீச்சரே, இது உறங்கிப்போச்சு! யாருகிட்ட சொல்ல?" என்றாள் ஒருநாள் ஒரு மாணவி.

"உறங்கினாலும் சொல்லிட்டுத் தொடு, பெண்ணே."

நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று, தொட்டால் விழித்து அழுவாளோ, தொடாமல் விட்டால் காய்ச்சல் ஏறுவது தெரியாமல் போய்விடுமோ என்று தயங்கி, பிறகு கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தூங்கும் மகளிடம் சொன்னேன்: "அம்மா உன் கையத் தூக்கப் போறேன், மோளே."

கண் திறக்காமலே அவள் கையைத் தளர்த்திக் கொடுத்தாள்.