கதவைச் சாத்தி நடத்திய பாடம்

டென்மார்க்கில், இஷொய் என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற இலையுதிர்காலத்தில் சக ஆசிரியர்களுடன் வடக்குக் கரையில் உள்ள மீன்பிடி ஊர் ஒன்றுக்குக் கல்விப் பயணம் போனேன். நாஜிகளுக்குத் தப்பி சுவீடனுக்குப் படகேற வந்த யூதர்கள், இருட்டில் ஒளிந்திருந்து பிடிபட்ட தேவாலயப் பரணைப் பார்த்தோம்.

அந்த இருட்டை மாணவர்களும் உணரட்டும் என்று, திரும்பி வந்ததும் வகுப்பில் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, எல்லோரையும் சத்தமில்லாமல் இருக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் ஒரு விசும்பல். விளக்கைப் போட்டால், சிரியாவிலிருந்து வந்த மாணவி மேசைக்கடியில் காதுகளைப் பொத்திக்கொண்டு மூச்சுத் திணறிக் கிடந்தாள். வெளியே கூட்டிப்போய்த்தான் அவளைத் தேற்ற முடிந்தது.

வீட்டில் சொன்னேன். கணவர் ஏசவில்லை. "ஊரில குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்து வளர்ந்தனீர். உமக்குமோ விளங்கேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் அந்தப் பாடத்தை நடத்துகிறேன். யாரையும் ஒளிந்திருக்கச் சொல்வதில்லை. பரணில் நான் பார்த்ததை வெளிச்சத்தில், கதவைத் திறந்து வைத்துச் சொல்கிறேன். நானே போய்ப் பார்த்ததால் சொல்வதே போதுமாக இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் அந்த மாணவிக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று.