ஜோவெலினுக்குக் கிடைத்த மணிலா

மணிலாவின் சம்பலோக் பகுதியில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து தங்கியிருந்த மாடி அறைக்கு ஜோவெலின் ஒரு ஜூன் மாத மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். கத்தாந்துவானெஸ் தீவுக்காரி. அங்கே கல்லூரியில் ஆசிரியர் படிப்பு. கடைசி ஆண்டுப் பயிற்சிக்குத் தோழிகளெல்லாம் தீவிலேயே பள்ளி கேட்டபோது, இவள் மட்டும் மணிலாதான் வேண்டும் என்று முதல்வர் அறை வாசலில் போய் நின்றாளாம்.

"எதுக்குடி அவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்டேன். அவளுக்குக் கட்டிலின் மேல்தட்டு, எனக்குக் கீழ்த்தட்டு.

"டிவில செய்தி வாசிக்கறப்ப பின்னால ஒரு தெரு ஓடும்ல அக்கா? அதுல நடக்கணும்னு சின்ன வயசுலேருந்து ஆசை."

நான் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தேன். பத்து வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டவளுக்கு, தெருவில் நடப்பதற்கு ஆசைப்படுவார்களா என்று இருந்தது.

அவள் போன பள்ளியில் காலைக் கூட்டம், மதியக் கூட்டம் என்று பிள்ளைகள் இரண்டு முறையாக வருவார்கள். ஒரு வகுப்பில் அறுபது தலை. பயிற்சி தர வேண்டிய டீச்சர் திருமதி பராய்சோ நல்ல மனுஷிதான். ஆனால் அவருக்கு வேறு ஆயிரம் வேலை. இரண்டாவது வாரமே, "நீயே பாத்துக்கறியா கண்ணு?" என்று தன் வகுப்புகள் எல்லாவற்றையும் இவள் கையில் கொடுத்துவிட்டார். விடியும் முன்னே கிளம்புவாள். திரும்பி வந்ததும் மறுநாள் பாடத்துக்கு ஆயத்தம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால், பாடப் படம் எழுதும் பழுப்பு நிற மணிலா பேப்பரைத் தரை முழுக்க விரித்து, முழங்காலில் தவழ்ந்து வரைந்துகொண்டிருப்பாள். நாங்கள் பேப்பரைத் தாண்டித் தாண்டிக் குளிக்கப் போவோம்.

"மணிலா பாக்க வந்தவ கடைசில மணிலா பேப்பர்தான் பாத்தா" என்று அறையில் கேலி. அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஊர் முழுக்க ஆள் ஏற்றி ஓடும் ஜீப்னி வண்டியில் எப்போதும் ஓரத்து இருக்கைக்குத்தான் அடித்துப்பிடித்துப் போவாள். குனிந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடத்தை அப்படிப் பல தடவை விட்டிருக்கிறாள்.

ஒருநாள் இந்த்ராமுரோஸ் பற்றிப் பாடம். பழைய மதில் நகரம், ஸ்பானியர் கட்டிய சுவர், அகழி, வாயில்கள் எல்லாம் வரைந்து எடுத்துப் போயிருந்தாள். பாதிப் பாடத்தில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், அந்தச் சுவர் மேல ஏற முடியுமா?"

"முடியும்னு சொல்றாங்க."

"நீங்க ஏறியிருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் இன்னும் பாக்கவே இல்ல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கேட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. "நானும் பாத்ததில்ல டீச்சர். இங்கேருந்து ஒரே ஜீப்னிதான், ஆனா யார் கூட்டிட்டுப் போவா?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ஜோவெலின் வந்து சொன்னதும் எனக்கே என்னவோ போலிருந்தது. நானும் ஏறியதில்லை.

அதே பள்ளியில் அறிவியல் பயிற்சிக்கு ஆர்வின் என்று ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். மலபோன்காரன், உள்ளூர் ஆள். இவள் கதையைக் கேட்டு, "சனிக்கிழமை வா, காட்டறேன்" என்றான். அந்த வாரம் பருவமழை கொட்டியது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். விட்ட நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்பு. அதற்கடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிறகு ஆர்வினுக்குக் காய்ச்சல்.

"உங்க ஊர் என்னைப் பாத்து ஓடுது" என்றாளாம் அவனிடம்.

"நீ எங்க ஊரைப் பாக்கற பார்வைக்கு அதுக்கு வெக்கம் வந்திருக்கும்."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் காது சிவந்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஒருவழியாகப் போனார்கள். சுவர் மேல் ஏறி நடந்தார்களாம். அகழி இருந்த இடத்தில் இப்போது புல்வெளி, யாரோ பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு நிற மாவில் பொரித்த காடை முட்டையைக் காடியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. திருமதி பராய்சோ.

"எடுக்கலையா?" என்றான் ஆர்வின்.

"எடுத்தா போகணும்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக டீச்சர் கூப்பிட்டதை எடுக்காமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். விளக்குகள் ஏற்றும்வரை அங்கேயே இருந்தார்கள்.

டீச்சர் எதற்குக் கூப்பிட்டார் என்று மறுநாள்தான் தெரிந்தது. கல்லூரியிலிருந்து மதிப்பிட வருகிறவர்கள் அடுத்த வாரத்துக்குப் பதிலாகத் திங்கட்கிழமையே வருகிறார்கள். ஞாயிறு முழுக்கப் பேப்பரும் பசையுமாகக் கிடந்து ஒரு பாடம் தயாரித்தாள். வகுப்பில் நுழைந்ததும், முன்பு கேட்ட அந்தப் பெண், "சுவர் மேல ஏறினீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். ஏறினேன் என்று ஆரம்பித்தவள்தான். கல்லின் சூடு, புல்வெளி, காற்று, பிள்ளைகளின் கேள்வி மேல் கேள்வி என்று போய், பாட முடிவில் வைக்க வேண்டிய சிறு தேர்வுக்கு முன்பே மணி அடித்துவிட்டது.

"கேக்க நல்லாத்தான் இருந்துச்சும்மா" என்றார் மதிப்பிட வந்த பேராசிரியை. "ஆனா குறிப்புல எழுதினது எதுவும் வகுப்புல நடக்கலையே."

மதிப்பெண் குறைந்தது. அதோடு, கல்லூரியில் முதலாவதாக வருவாள் என்றிருந்ததும் போயிற்று. அன்று இரவு மேல்தட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். மார்க்குக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "விடுடி, வேலை கிடைக்காமயா போகும்?" என்றேன்.

"அதுக்கில்லக்கா. இப்பதான் பாக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அக்டோபர் வந்துருச்சு, பயிற்சி முடியுது."

ஒரு தனியார் பள்ளியில் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். ஆர்வினும் இருந்துவிடச் சொன்னான். ஆனால் அவள் படித்தது மாகாண அரசின் உதவித்தொகையில். படித்து முடித்துத் தீவிலேயே பாடம் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். "குடுத்தாச்சுல்லக்கா" என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. குபாவ் பேருந்து நிலையத்தில் ஆர்வின் அவள் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டினான். ஒரு வருடம்போல இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்சு தேய்ந்து நின்றது. அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதை என்னிடம் சொன்னது அவள்தான், சாதாரணமாகவே சொன்னாள்.

இப்போது கடல் பார்த்த ஒரு பள்ளியில் இருக்கிறாள். நல்ல டீச்சர் என்று பெயர். வகுப்பில் முப்பது பிள்ளைகள்கூட இல்லை, மதியத்தோடு பள்ளி ஓய்ந்துவிடும் என்கிறாள். சில நாள் நான் கடை முடிந்து ரெக்தோ சாலையில் ஜீப்னிக்கு நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

"எங்கக்கா நிக்கறீங்க?"

"ரெக்தோலதான். நெரிசல், சொல்லி முடியாது."

"பேசாதீங்க. போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க."

நீட்டுவேன். "கியாபோ! கியாபோ! இன்னும் ரெண்டு பேர்!" என்று ஜீப்னி போகும் இடத்தைச் சொல்லி ஆள் கூப்பிடுகிறவன் கத்துவான். ஹார்ன், புகை, யாரோ திட்டுவது, மேலே பாலத்தில் ரயில் தடதடப்பது. பக்கத்தில் நிற்பவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். என் ஜீப்னி வந்து போகும். கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது, வைத்துவிட்டாளோ என்று பார்த்தால் இணைப்பு இருந்துகொண்டேயிருக்கும்.