ரேடியேட்டருக்குக் கொடுத்த சந்தனம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு புது வரவு. ஒன்று, பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த சித்தப்பா. இன்னொன்று, அவர் பேச்சை நம்பி நைனா இரண்டு ஜோடி மாடுகளை விற்று வாங்கிய பழைய டிராக்டர். திருத்தணியில் பாதி வீடுகளில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் நைனா லேசில் யாரையும் நம்புகிறவர் அல்ல. ஆனால் பர்மா எல்லையில் லாரிகளைப் பிரித்து மாட்டிய கதைகளைச் சித்தப்பா சொல்லும்போது, கேட்கிறவன் கையிலேயே கிரீஸ் ஒட்டிக்கொள்ளும். நைனாவும் மனுஷன்தானே.

எனக்கு ஒன்பது வயது. சித்தப்பா என்றால் உயிர். வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். சண்டைக்குப் போய் ஐந்து வருஷம் முகமே காட்டாதவர் என்பதால், எங்கே மறுபடி போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

ஆடி மாதம் நல்ல மழை பெய்தது. பள்ளிப்பட்டுப் பாதையில் இருந்த எங்கள் மானாவாரிக் கொல்லையை ஈரம் காய்வதற்குள் உழுது, வேர்க்கடலை விதைத்தாக வேண்டும். திங்கட்கிழமை டிராக்டர் இறங்கியது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. சித்தப்பா கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டினார். மறுபடி மூன்றே சுற்று.

செவ்வாய்க்கிழமை அவர் சும்மா இருக்கவில்லை. விசிறியின் பெல்ட்டை இறுக்கினார். ரேடியேட்டரின் முகத்தில் அடைந்திருந்த தூசியையும் சருகையும் விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு சந்தாக நோண்டி எடுத்தார். ரப்பர் குழாயில் எங்காவது கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. கொதிப்பது மட்டும் நிற்கவில்லை. "எங்கூட்டு மாடு இத்தினி வருசத்துல ஒரு நாளு கூட கொதிச்சதில்லப்பா" என்று வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நைனா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெயம வரிக்கும் பாப்பேன். அப்புறம் இத்த வந்த வெலைக்குத் தள்ளிட்டு மாடு புடிச்சிகினு வந்துடுவேன்" என்றார். அன்று சமையல்கட்டில் சித்தப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னதும் என் காதில் விழுந்தது. "மாடு வந்திச்சின்னா நான் இங்க இருக்க மாட்டேன் அண்ணி. எந்த மூஞ்சிய வெச்சிகினு இருக்கறது?"

அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே வைத்தியத்தில் இறங்கிவிட்டேன்.

எங்கள் ஊரில் மலைக்கோயில் முருகன் மார்பில் சாத்திய சந்தனத்தை நெற்றியில் இட்டுக்கொள்ள மாட்டார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். காய்ச்சலோ வயிற்று வலியோ, எது வந்தாலும் முதல் மருந்து அதுதான். போன மாதம் எனக்கு அனலாக அடித்த காய்ச்சலே அதில்தான் இறங்கியது. மனுஷ உடம்புக்குக் கேட்பது டிராக்டர் உடம்புக்குக் கேட்காதா? அம்மா வருஷத்துக்கென்று பித்தளைச் சம்படத்தில் பத்திரப்படுத்தியிருந்த சந்தனம் முழுவதையும் ஒரு செம்பில் கரைத்தேன். பெரிய உடம்புக்குப் பெரிய அளவு வேண்டுமே. கொல்லையில் ஆளில்லாத சமயம் பார்த்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சக்கரத்தில் ஏறி, முருகா முருகா என்று ஊற்றிவிட்டு ஓடிவந்தேன்.

அன்று டிராக்டர் ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை. ஆனால் கிளம்பிய ஆவியில் கர்ப்பக்கிரக வாசனை வந்தது. களை எடுக்கவந்த இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து போட்டுக்கொண்டேன்.

சித்தப்பா அரக்கோணத்துக்கு ஆள் அனுப்பினார். வியாழக்கிழமை காலை ரயிலில், என்ஜின் வேலை தெரிந்த ஒரு வயதான பாய் வந்து இறங்கினார். வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். நைனாவும் மற்றவர்களும் தள்ளி வரப்பில் இருந்தார்கள்.

"தண்ணி எப்பவும் இவ்ளோதான் ஊத்துவீங்களா தம்பி?"

"ஆங். ஒரு சாண் கொறைச்சிதான் ஊத்துவேன். பொங்கறதுக்கு எடம் வேணாமா பாய்?"

பாய் சித்தப்பாவையும் அவர் போட்டிருந்த பட்டாளத்துக் காக்கிச் சட்டையையும் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேல கீற கொழா வாயி முழுகற அளவுக்குத் தண்ணி நிக்கணும். அப்பதான் சூடு மேல ஏறி, ஆறி, கீழ எறங்கி சுத்தும். பொங்க எடம் உடறது சோத்துக் குண்டானுக்கு. பட்டாளத்துல நீங்க எத்தினி பேருக்கு ஆக்கிப் போட்டீங்க?"

சித்தப்பா கையிலிருந்த கோணிப்பையை மடித்து மடித்துப் பிரித்தார். "எரநூறு பேருக்கு" என்றார் கடைசியில். அவர் கண் நைனா இருந்த பக்கமே போனது. உலை வைத்தால் பொங்க இடம் விட வேண்டும் என்பது எனக்கே தெரியும். இதில் சித்தப்பா தலைகுனிய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பாய் அடியிலிருந்த திருகைத் திறந்தார். மஞ்சளாகச் சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. வாசனை பிடித்துக்கொண்டு நைனா எழுந்து வந்தார். "இன்னா பாய் கோளாறு?"

பாய் அந்தச் சேற்றை இரண்டு விரலால் தேய்த்து முகர்ந்தார். சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தார். "சந்தனங்க ஐயா. யாரோ கரைச்சி ஊத்திக்கீறாங்க. அது அடச்சிகினுதான் இந்தக் கொதி கொதிச்சிகீது."

குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். புதன்கிழமை ஊற்றிய சந்தனம் திங்கட்கிழமை எப்படிக் கொதிக்க வைத்தது என்று அங்கிருந்த ஒருவர்கூடக் கேட்கவில்லை. படி அளக்கும்போது ஒரு கை கடலை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் நைனாவும் கேட்கவில்லை. தம்பியின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கழுதை, தறுதலை, மாட்டை வித்த வீட்டைக் கெடுக்க வந்தவள் என்று ஊர் கேட்கத் திட்டினார். ஓங்கிய கை மட்டும் ஏனோ இறங்கவில்லை. முருகன் பிடித்து நிறுத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் ரேடியேட்டரை இரண்டு தரம் அலசி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். டிராக்டர் அன்று பொழுது சாயும் வரை ஓடியது. சனிக்கிழமை விதைப்பும் முடிந்தது. மாட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, சித்தப்பாவும் எங்கேயும் போகவில்லை. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நான் ஊற்றுவதற்கு முன்பே அது கொதித்தது என்று அவருக்குத் தெரியுமே! எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?

சுவாமி சந்தனத்தை வீணாக்கியதற்கு மலையேறி மன்னிப்புக் கேட்டுவர வேண்டும் என்பது நைனா விதித்த தண்டனை. ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாதான் அழைத்துப் போனார். படி முழுக்க நான் அவரோடு பேசவில்லை. சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் முருகா என்று இரண்டு தரம் சொல்லி முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா கொடிமரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். எழுந்திருக்கவே இல்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தப்புச் செய்தவள் நான், திட்டு வாங்கினவளும் நான். பசி வேறு எனக்கு. அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"எய்ந்திரு சித்தப்பா, போலாம். அதான் நான் மன்னிப்பு கேட்டுட்டேனே."