அப்பாவும் அந்தக் கோர்ட் சீனும்

என் அப்பாவை எங்கள் தெருவில் 'கோர்ட் சீன்' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் யாரோ வக்கீல் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டு வாடகைத் தகராறோடு வந்து நிற்பார்கள். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள், எண்ணெய் கசியும் கம்ப்ரஸர்கள், காஸ் சிலிண்டர், நடுவில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் யார் வந்து உட்கார்ந்தாலும் அப்பா கேட்கும் முதல் கேள்வி ஃபிரிட்ஜைப் பற்றியதாக இருக்காது.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?"

ஏதாவது சொல்லித் தொலைத்தால் தீர்ந்தது. அப்பாவின் படம் ஒரு லாரி டிரைவர் கதை. செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொண்டவன் வக்கீல் வைக்காமல் தானே வாதாடுவான். கடைசியில் கோர்ட்டில் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அப்பாவும் நிறுத்த மாட்டார். அந்த வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம், நடுவில் இருமும் இடம் உட்பட. சின்ன வயதில் நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தலைமாட்டில் உட்கார்ந்து அதைத்தான் சொன்னார். காய்ச்சல் இறங்கிவிட்டது, அதையும் படத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. அவருக்கு ஒரு எதிரிப் படமும் உண்டு. அதில் ஒரு தையல்காரி வருவாள். காதலித்தவன் கடையை மூடச் சொல்ல, தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவாள். அவ்வளவுதான் கதை. லாரி டிரைவர் படத்தை இரண்டே வாரத்தில் தூக்கிவிட்டு, அதே தியேட்டரில் இதைப் போட்டார்கள். இது ஓடு ஓடென்று ஓடியது. அப்பாவின் வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் தெரியாத்தனமாக அந்தப் படத்தைச் சொல்லிவிட, "இந்த ரசனைக்கு ஐஸ் ஒரு கேடா?" என்று பாதி வேலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டார். கடையில் இருந்ததெல்லாம் உருகி ஓடியது. அம்மாதான் போய் மன்னிப்புக் கேட்டு, கையைக் காலைப் பிடித்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

அம்மாவிடம் மட்டும் அவருக்குச் சண்டையே கிடையாது. காரணம், அம்மாவுக்கும் பிடித்த படம் அதே லாரி டிரைவர் படம். அம்மா மருந்துக் கடையில் வேலை பார்த்த காலத்தில், ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜைச் சரிபார்க்கப் போனவர் வழக்கம்போல் கேட்டிருக்கிறார். "பட்டுனு சொன்னா பாரு! யோசிக்கவே இல்ல! அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்." இதை அப்பா சொல்லாத நாளில்லை. அம்மா அப்போதெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

இந்த லட்சணத்தில் நான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். அவர் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷர். ஆனால் அவருக்குப் பிடித்த படம் எது என்று கேட்ட அன்றைக்கு என் தலையில் இடி விழுந்தது. தையல்காரி!

"ஒரே ஒரு பொய். எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்," என்று கெஞ்சினேன். லாரி டிரைவர் படத்தை ஃபோனில் போட்டுக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். தூங்கிட்டேன்."

"கோர்ட் சீனாவது பாத்தீங்களா?"

"அதுலதான் தூங்கினேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆரம்பம் அமர்க்களம். மோட்டார், பெல்ட், பேரிங் என்று இருவரும் பேசிய பேச்சில் என்னையே மறந்துவிட்டார்கள். அப்பா பழைய கம்ப்ரஸர் ஒன்றைத் திறக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி வேலை சுத்தம்மா," என்றார் என்னிடம். எனக்கு உயிர் வந்தது. உடனே அடுத்தது வந்தது.

"சரி தம்பி, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் டூல்பாக்ஸைக் கண்ணால் காட்டினேன். அதன் மூடியில் லாரி டிரைவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார், நிறம் மங்கி, ஒரு காது கிழிந்து. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தத் தையல்காரி படம்தான்."

கிழிந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்பா எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"அந்த மூட்ட முடிச்சு தூக்கிட்டு ஓடறவ படமா? அதெல்லாம் ஒரு முடிவா?"

"அப்பா, படம்தானேப்பா! உங்களுக்குப் பைத்தியமா? எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு!"

"நீ சும்மா இரு. அந்தப் படம் பிடிச்ச ஆளு இந்த வீட்டுக்குள்ள வர முடியாது. அவ்வளவுதான்."

வந்தவர் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்பாவின் மேலா, பொய் சொல்லத் தெரியாத அந்த மனுஷர் மேலா, யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அம்மா டீ தட்டோடு வாசல் நிலையில் நின்றிருந்தாள்.

"அப்ப நான் எங்கங்க போகட்டும்?" என்றாள்.

"நீ எதுக்குப் போகணும்?"

"எனக்கும் அந்தப் படம்தான் பிடிக்கும்."

அப்பா சிரித்தார். "விளையாடாத. கடையில அன்னிக்கு நீதானே பட்டுனு சொன்னே?"

"உங்க டூல்பாக்ஸ் மூடியில ஒட்டியிருந்துச்சு. பாத்துச் சொன்னேன். உங்க படத்த நான் அப்ப பாக்கவே இல்ல. கல்யாணம் ஆனப்புறம் நீங்க வெளியூர் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்க. தலைவலி வந்துச்சு."

அப்பா டூல்பாக்ஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவ்வளவு கோபத்திலும்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற படம் சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க. எனக்கு உங்களப் பிடிச்சிருந்துச்சு. போயிருக்க மாட்டீங்களா, சொல்லுங்க?"

அப்பா வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"போயிருப்பேன்," என்றார்.

சொன்னவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் அப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"உட்காருங்க தம்பி. டீ ஆறுது."

அவர் உட்கார்ந்தார். ஒற்றைக் காலில் செருப்போடு.

"அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போறாளே," அப்பா அம்மாவிடம் கேட்டார், "அது உனக்கு எதுக்குப் பிடிச்சுது?"

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அம்மாவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முதல் சீனிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. அப்பா குறுக்கே பேச நாலைந்து தடவை வாயெடுத்தார், ஒவ்வொரு தடவையும் டீயைக் குடித்துச் சமாளித்தார். காலி டம்ளரைக்கூடக் குடித்தார். என் கல்யாணப் பேச்சை எடுப்பார் யாருமில்லை.

கடைசியில் நானே கேட்டேன். "அப்பா, எங்க விஷயம் என்னாச்சு?"

"தம்பி, வீட்டுல பெரியவங்கள வரச் சொல்லுங்க. பேசி முடிச்சிடலாம்," என்றார் அப்பா. "ஆனா அன்னிக்குப் படத்தப் பத்தி யாரும் வாயத் திறக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான் திறப்பேன்," என்றாள் அம்மா. "இன்னும் பஸ் ஏறற சீனே வரல."