ஒரே கொடிக்கு இரண்டு கம்பம்

எங்கள் அப்பாவும் மாமாவும் ஒரே கட்சி. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல அவர் வீடு மட்டும்தான் மிச்சம். எங்கள் ரப்பர் விளையைத் தாண்டினால் அவர் தோட்டம். அருமனைப் பக்கம் எல்லாம் அப்படித்தான், ரப்பர் மரத்துக்கு நடுவில் வீடுகள்.

அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் கட்சிக்காக நிற்க இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் ரோடு போடும் காண்ட்ராக்டர். அப்பா வக்கீலின் ஆள். மாமா காண்ட்ராக்டரின் ஆள். அடிதடி எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஜங்ஷனில் பழைய கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பம் நின்றது. காண்ட்ராக்டர் ஆட்கள் நட்டது. அதே கொடி. மறுநாள் வக்கீல் ஆட்கள் பழைய கம்பத்தை ஒரு முழம் உயர்த்தினார்கள். ஆபீசும் இரண்டானது. இரண்டிலும் ஒரே தலைவரின் படம்.

அத்தோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் மாமா வீட்டில் இருந்தது.

மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி எடுத்த பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் விட்டு வைத்தால் மத்தியானத்துக்கு மேல் உறையும். அன்றைக்கே மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கிவிட வேண்டும். போட்டு வைத்தால் இறுகிப்போகும், உருளைக்குள் நுழையாது. எங்களிடம் மெஷின் கிடையாது. அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் பால் மாமா வீட்டில்தான் ஷீட்டானது. மாமா கைப்பிடியைச் சுற்றுவார். அம்மா தட்டைக் கவிழ்ப்பாள். முடிகிறவரை பேச்சுதான். அம்மா அண்ணனைப் பார்க்கப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்ததில்லை.

கம்பம் நட்ட அன்று அப்பா சொன்னார், “இனி அங்க போவாண்டாம்.”

“பாலு?”

“ஒட்டுபாலாட்டு வித்துக்கலாம்.”

ஒட்டுபால் என்பது கழிவு. கிடைக்கிற விலைக்குப் போகும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கொடிதானே? பின்ன எனக்க அண்ணன் உங்களுக்கு என்ன செய்தாரு?”

“அதுதான் விஷயம். எதிர்க்கட்சிக்காரன்னா நானே கூட்டிட்டுப் போவேன்.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. எதிர்க்கட்சிக்காரர் கடையில்தான் அப்பா தினமும் சாயா குடிப்பார்.

அம்மா மாமா வீட்டுக்குப் போகவில்லை. பால் தட்டிலேயே இறுகிக் கிடந்தது. கொஞ்ச நாள் அப்படிப் போனது.

ஒரு நாள் அப்பா வக்கீலோடு நாகர்கோவிலுக்குப் போனார். அம்மா தட்டுகளை எடுத்து என் தலையில் பாதி, தன் தலையில் பாதி வைத்தாள். மாமாவின் மெஷின் கொட்டகையில் காண்ட்ராக்டர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னம்மா, வக்கீலுக்க பாலு நம்ம மெஷின்ல ஓடுமா?” என்றார் ஒருவர்.

“எனக்கெப்படித் தெரியும்? நீரு போய் மரத்துக்கிட்ட கேட்டுட்டு வாரும், அது எந்த அணின்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். “மச்சான் அறிவாரா?” என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவர் சுற்றினார். அன்று வேறு பேச்சு இல்லை.

மாமா மெஷினில் ஒரு உருளை லேசாக உடைந்திருக்கும். அதில் போன ஷீட்டின் ஓரத்தில் ஒரு கோடு விழும். திரும்பி வந்த அப்பா, கயிற்றில் காய்ந்த ஷீட்டைப் பார்த்தார். அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் கை கழுவிவிட்டுச் சோறு கேட்டார்.

மறுநாள் ஆசிட் ஊற்றி வைத்துவிட்டு, யாருக்கு என்று இல்லாமல் சொன்னார், “இன்னைக்குக் கூட்டம் உண்டு. வர பிந்தும்.”

அதற்கு அடுத்த நாளும் கூட்டம். மரம் வெட்டுகிற நாளெல்லாம் கூட்டம். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்று கூட்டமும் இருக்காது. வக்கீலுக்கு மழை ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா போனதும் அம்மா தட்டை எடுப்பாள். கொட்டகையில் பேச்சும் பழையபடி ஆனது.

கடைசியில் சீட் வக்கீலுக்கும் இல்லை, காண்ட்ராக்டருக்கும் இல்லை. தொகுதியைக் கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று ஜங்ஷனில் அப்பாவும் மாமாவும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“நீங்க கம்பம் நட்டதுலதான் சீட்டு போச்சு.”

“நீங்க ஒரு முழம் கூட்டினதுலதான் போச்சு, மச்சான்.”

அதோடு முகம் பார்ப்பதும் நின்றது. இரண்டு ஆபீசையும் பூட்டினார்கள். அப்பாவுக்குக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் ஷீட் அடிக்கும்போது மாமி என்னைச் சீனி வாங்க ஜங்ஷனுக்கு அனுப்பினாள். வக்கீல் ஆபீசின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. அதன் படியில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, எங்க போற?”

“மாமிக்குச் சீனி.”

“அடிச்சு முடிஞ்சா?”

“இன்னும் தட்டு கெடக்கு.”

அவர் ரோட்டைப் பார்த்தார். “சரி. கூட்டம் இன்னும் முடியல. அம்மைக்கிட்ட மெதுவா வரச் சொல்லு.”

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. சீனியை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன், “அப்பா பொய் சொல்லுதாரு. அங்க கூட்டமே இல்ல.”

அம்மா தட்டைக் கவிழ்த்தபடியே இருந்தாள். மாமாவின் கை நின்றது.

“தனியாவா இருக்காரு?”

“ஆமா.”

மாமா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார், “சாயா கொஞ்சம் கூடப் போடு. கூட்டத்துல இருக்கவருக்குத் தொண்டை வறண்டிருக்கும்.” பிறகு என்னிடம் மெதுவாக, “நான் தந்தேன்னு சொல்லாண்டாம் மக்கா.”

தூக்குவாளியில் சாயா கொண்டுபோனேன். யார் தந்தது என்று அப்பா கேட்கவில்லை. மூடியில் ஊற்றி, ஊதி ஊதி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

பொய் சொல்கிற ஆளுக்கு எதற்குச் சாயா என்று எனக்கு ஒரே கோபம். அவரோடு வீட்டுக்கு நடந்தபோது வழி முழுக்க அவர் கையைப் பிடிக்கவில்லை.